நல்ல பாட்டும் மந்திரி உத்தரவும்

புனேக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் அரசியல் பேசினால்கூட சண்டை வராது, பாட்டைப் பற்றிப் பேசினால் வந்துவிடும். மராத்தி நண்பர் ஒருவருக்கு ஹிந்துஸ்தானி கயாலும் பழைய நாட்டிய சங்கீதமும் தவிர மற்றதெல்லாம் சத்தம். பக்கத்து சீட் பெங்காலிக்கு ரவீந்திர சங்கீதத்தைத் தாண்டி உலகம் கிடையாது. எனக்கு இளையராஜா என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? "உனக்குப் பிடிக்கிறது என்பதாலேயே அது நல்ல சங்கீதம் ஆகிவிடாது" என்றார் மராத்தி நண்பர். நியாயமான பேச்சுதான். அப்படியானால் எதனால் ஆகும்?

இந்தக் கேள்விக்கு இந்திய அரசாங்கமே ஒருமுறை பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. சொன்னவர் ஒரு மத்திய மந்திரி. பெயர் பி.வி.கேஸ்கர். 1952லிருந்து 1962 வரை பத்து வருடம் தகவல் ஒலிபரப்புத் துறை அவர் கையில் இருந்தது. மந்திரி என்றதும் சங்கீதம் தெரியாத ஆள், சும்மா அதிகாரத்தில் ஆடியிருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். பாரிஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர், முறையாக துருபத் கற்றவர். நம் கதையில் சுவாரசியமே அதுதான். காது இல்லாதவர் தப்புப் பண்ணினால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. காது உள்ளவர் பண்ணினால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேஸ்கரின் கட்சி என்ன? சாஸ்திரிய சங்கீதம் நாட்டின் ஆன்மிகச் சொத்து. வடக்கே அது முஸ்லிம் அரசவைகளிலும் நாட்டியக்காரிகளின் கூடங்களிலும் புகுந்து தன் புனிதத்தைத் தொலைத்துவிட்டது. வெள்ளைக்காரன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மிச்சம் இருப்பதையும் சினிமாப் பாட்டு கெடுக்கிறது. வரிகள் கொச்சை, மெட்டு மேல்நாட்டுக் காப்பி, வாத்தியங்கள் இரைச்சல். ஆகவே வானொலி ஜனங்களின் ரசனையைத் திருத்த வேண்டும். (படே குலாம் அலி கானும் அமீர் கானும் அலாவுதீன் கானும் கண்ணெதிரே இருக்கும்போது ஒரு சங்கீத ரசிகர் எப்படி அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

1952ல் வேலை ஆரம்பமானது. வானொலியில் சினிமாப் பாட்டின் நேரம் குறைக்கப்பட்டது. ஒலிபரப்புக்கு முன்னால் பாட்டுகளை வடிகட்டினார்கள். பாட்டு எந்தப் படம் என்று சொல்லக்கூடாது, சொன்னால் அது இலவச விளம்பரம், பாடகர் பெயர் மட்டும் போதும் என்று இன்னொரு உத்தரவு. படம் எடுப்பவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஒலிபரப்பு உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு காணாமலே போய்விட்டது. அரசு தடை செய்தது என்று இன்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். நடந்தது அரைத்தடையும் அரைச்சண்டையும் சேர்ந்த கலவை. மந்திரிக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலியிடத்தில் சாஸ்திரிய சங்கீதம் வந்தது. கூடவே, சினிமாப் பாட்டுக்கு மாற்றாக வானொலியே கவிஞர்களையும் இசைக்காரர்களையும் வைத்து 'சுகம் சங்கீத்' என்ற பெயரில் மெல்லிசை தயாரிக்க ஆரம்பித்தது. நோயாளிக்குக் கசப்பு மருந்து கொடுத்துவிட்டுக் கூடவே கொஞ்சம் கற்கண்டு வைக்கிற மாதிரி. இதில் எத்தனையோ நல்ல பாட்டுகள் பிறந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ரேடியோப் பெட்டியில் ஒரு திருகு இருக்கிறதே! அதை மந்திரி கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் சிப்பாய்களுக்காக இலங்கையில் ஒரு பலமான சிற்றலை ஒலிபரப்பி வைத்திருந்தது. போர் முடிந்து சில வருடங்களில் அது இலங்கை அரசிடம் வந்தது. ரேடியோ சிலோன் அதை வைத்து விளம்பரதாரர் பணத்தில் வர்த்தக சேவை நடத்தத் தொடங்கியது. நல்ல சங்கீதம் எது என்ற கவலையெல்லாம் அவர்களுக்கு இல்லை. பற்பசை விற்கவேண்டும், அவ்வளவுதான். 1952 டிசம்பர் 3, புதன்கிழமை, பினாக்கா கீத்மாலா ஆரம்பம். அமீன் சயானிக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. வாரம் 25 ரூபாய் சம்பளம். பம்பாயில் ஒலிப்பதிவு செய்து நாடாவைக் கொழும்புக்கு அனுப்புவார்கள், அது அங்கிருந்து வானத்தில் ஏறி இந்தியாவுக்கே திரும்பி வரும். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன, பிறகு வாரத்துக்கு 65,000 வரை போனது என்று சயானியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2024 பிப்ரவரியில் அவர் காலமானபோது எங்கள் கேன்டீன் காசாளர்கூட "பெஹனோ அவுர் பாயியோ" என்று அவர் குரலில் சொல்லிக் காட்டினார்.

பத்து வீட்டில் ஒன்பது வீட்டு ரேடியோ சிலோனைப் பிடித்திருக்கிறது, பத்தாவது வீட்டு ரேடியோ ரிப்பேர் என்று அந்தக் காலத்தில் ஒரு கேலி இருந்ததாம்.

நம் பக்கத்துக்கு இதெல்லாம் செய்தியே இல்லை. நான் கோவில்பட்டிக்காரன். தூத்துக்குடி, ராமநாதபுரம், எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும். மெட்ராஸ் நிலையம் இழுத்துக்கொண்டு கிடக்கும். எஸ்.பி.மயில்வாகனம் குரலில் மயங்கியது எங்கள் அம்மா தலைமுறை. கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று அடுத்த தலைமுறை. அம்மா சமையலறையில் இலங்கை வானொலி வைப்பார். அப்பா வந்ததும் முள் திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ நகரும், கச்சேரி. "இந்தத் தகரடப்பாவை நிறுத்து" என்பது அப்பாவின் நிரந்தர வசனம். அப்பா சொல்வதுதான் உயர்ந்த ரசனை, அம்மா கேட்பது பொழுதுபோக்கு என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம், அம்மா உட்பட. பத்து வயதில் எனக்கு அது ஒரு உண்மையாகவே தோன்றியது, சூரியன் கிழக்கே உதிப்பது போல. டில்லியில் ஒரு மந்திரி போட்ட கோடு எங்கள் சமையலறை வரை நீண்டு வந்திருந்தது என்று புரிய முப்பது வருடம் ஆனது.

சரி, கேஸ்கர் வெறுத்த அந்தப் பாட்டுகள்தான் என்ன? அதைப் பார்த்தால்தான் வேடிக்கை.

அவர் மந்திரியான அதே 1952ல் 'பைஜு பாவ்ரா' வந்தது. நௌஷாத் இசை. அதில் போட்டிப் பாட்டு பாடியவர்கள் உஸ்தாத் அமீர் கானும் பண்டிட் டி.வி.பலுஸ்கரும். வானொலி யாரைக் கூப்பிட்டு கௌரவிக்க வேண்டும் என்று மந்திரி ஆசைப்பட்டாரோ அவர்கள் இரண்டு பேரையும் நாலணா டிக்கெட்காரன் தியேட்டரில் கேட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம், 1953. கீத்மாலாவின் வருடாந்திரப் பட்டியலில் முதலிடம் 'அனார்கலி' படத்தின் 'யே ஜிந்தகி உஸீ கி ஹை'. லதா பாடியது, சி.ராம்சந்திரா இசை. இந்த ராம்சந்திரா யார்? மேல்நாட்டு நடனத் தாளத்தை ஹிந்தி சினிமாவுக்குள் இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர். 1947லேயே 'ஷெஹ்னாய்' படத்தில் 'சண்டே கே சண்டே' என்று ஆட விட்டவர். சினிமா கெட்டுப்போனதற்கு உதாரணம் காட்ட வேண்டுமானால் முதல் ஆளாக நிற்க வைக்கத் தோதான மனிதர். (நமக்கும் சொந்தக்காரர்தான். இசையமைப்பாளராக அவர் ஆரம்பித்ததே 'ஜெயக்கொடி', 'வனமோகினி' என்ற தமிழ்ப் படங்களில்.) அப்படிப்பட்டவர் போட்டு, அரசாங்கத்தால் திருத்தப்பட வேண்டிய ஜனங்கள் கடிதம் எழுதி முதலிடத்துக்கு உட்கார வைத்த அந்தப் பாட்டு என்ன ராகம் தெரியுமா? பீம்பலாஸி!

பீம்பலாஸி என்றதும் நமக்கு ஆபேரி ஞாபகம் வரும். அங்கேயும் ஒரு கூத்து இருக்கிறது. தீட்சிதர் வழி ஆபேரிக்கு சுத்த தைவதம். இன்று 'நகுமோமு' என்று மேடையில் ஆரம்பித்தால் வருவது சதுஸ்ருதி தைவதம், அதாவது பீம்பலாஸி பக்கம் சாய்ந்த ஆபேரி. வடக்கத்திக் காற்று என்று முகம் சுளித்த பெரியவர்கள் உண்டு. சபா முழுக்கக் கண்மூடித் தலையாட்டுகிறது. எது சுத்தம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

இந்தச் சுத்தப் பைத்தியம் கேஸ்கரோடு பிறந்ததும் இல்லை. அவருக்கு முன்னாலேயே வானொலி ஆர்மோனியப் பெட்டியை வெளியே தள்ளியிருந்தது. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. அப்போது தலைவர் லயனல் ஃபீல்டன் என்ற வெள்ளைக்காரர். டில்லி நிலையத்தில் மேற்கத்திய இசையைக் கவனித்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற இன்னொரு வெள்ளைக்காரர் ஆர்மோனியத்தைக் கிழித்து எழுதியிருந்தார். தாகூருக்கும் அந்தப் பெட்டி ஆகாது, தடையை ஆதரித்தார். காரணத்தில் உண்மை இருக்கிறது. அது பாரிஸில் பிறந்த வாத்தியம். கட்டை கட்டையாகப் பன்னிரண்டு ஸ்வரம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க முடியாது. கமகம் கேட்டால் கையை விரிக்கும். ஸ்ருதியும் நம் காது கேட்கிற இடத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். தோடியை ஆர்மோனியத்தில் கேட்டிருக்கிறீர்களா? வேண்டாம்.

ஆனால் 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றியமைத்த பிறகு, இந்த நாட்டில் அது நுழையாத இடம் இல்லை. குருத்வாராவில் அதுதான். கவ்வாலியில் அதுதான். பஜனை மடத்தில் அதுதான். நம் நாடக மேடையில் கிட்டப்பா பாடினால் பக்கத்தில் அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம். இந்த ஊரில் கோவிந்தராவ் டெம்பே அதை வைத்து வித்தை காட்டினார், மராத்தி நாடகத்துக்கு மெட்டும் போட்டார். பீம்சேன் ஜோஷி 1953ல் இங்கே தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவில் அவர் பாடும்போது அப்பா ஜல்காவ்கர் ஆர்மோனியத்தில் நிழல் மாதிரி கூடப் போவதை ஆயிரக்கணக்கானவர்கள் இரவு முழுக்கக் குளிரில் உட்கார்ந்து கேட்டார்கள். வானொலி நிலையத்துக்குள் மட்டும் அந்தப் பெட்டி ஆகாத பொருள். 1971ல்தான் தடை தளர்ந்தது, அதுவும் பக்கவாத்தியமாக, நிபந்தனைகளோடு. தனிக்கச்சேரிக்கு அப்போதும் கதவு திறக்கவில்லை.

வந்த வழியைப் பார்த்தால் வயலின் என்ன காஞ்சிபுரத்திலா பிறந்தது? தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி கையில் அது கர்நாடக சங்கீதத்துக்குள் வந்து இருநூறு வருடம் ஆகிறது. நாம் அதை அந்நியம் என்று நினைப்பதே இல்லை. அது வழுக்கும், ஆர்மோனியம் வழுக்காது என்பீர்கள். சரி, அது காது சொல்கிற காரணம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அந்நிய வாத்தியம்' என்பது பாஸ்போர்ட் ஆபீஸ் சொல்கிற காரணம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

பாஸ்போர்ட்டாவது பரவாயில்லை. நடத்தைச் சான்றிதழும் கேட்டார்கள். 1946ல் இடைக்கால அரசு வந்ததும், 'பாயி' என்றும் 'ஜான்' என்றும் பெயரோடு பாடிவந்த கணிகையர் குலத்துப் பாடகிகளுக்கு வானொலிக் கதவு சாத்தப்பட்டது. தும்ரியையும் தாத்ராவையும் அதுவரை காப்பாற்றி வைத்திருந்தவர்களே அவர்கள்தான். அக்தரிபாயி ஃபைசாபாதி ஒரு வக்கீலைக் கல்யாணம் செய்து, சில வருடம் பாடாமல் இருந்து, 1949ல் லக்னோ வானொலிக்குத் திரும்பி, பேகம் அக்தர் ஆனார். குரல் அதே குரல். பெயரின் பின்னால் இருந்த 'பாயி' போய் முன்னால் 'பேகம்' வந்தது. மராத்தி நண்பரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருக்கு உயிரான கிரானா பாணியிலேயே அந்தப் பின்னணியிலிருந்து வந்த மகா பாடகிகள் இருக்கிறார்கள், அவருக்குத் தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு கேஸ்கரை வில்லனாக்கிவிட்டுப் போனால் அது ஜல்லியடிப்பு. சமஸ்தானங்கள் போய்விட்ட காலம் அது. ராஜா இல்லை, மானியம் இல்லை, நாளைக்கு அரிசிக்கு வழி இல்லாத வித்வான்கள் நூற்றுக்கணக்கில். அவர்களுக்கு வானொலிதான் புது ராஜா. கேஸ்கர் காலத்தில்தான் 1952 ஜூலையில் சனிக்கிழமை இரவு தேசிய இசை நிகழ்ச்சி ஆரம்பமானது. வடக்கே ஒரு வீட்டில் அரியக்குடியும், தெற்கே ஒரு வீட்டில் ஃபையாஸ் கான் பரம்பரையும் கேட்க வழி பிறந்தது. ரவிசங்கரையும் டி.கே.ஜெயராம ஐயரையும் வைத்து வாத்திய விருந்தா என்ற வாத்தியக் குழுவை அமைத்தார்கள். குரல் தேர்வு வைத்து கிரேடு போடுகிற முறை வந்தது. 'உஸ்தாதுக்கே பரீட்சையா' என்று கொதித்தார்கள், பம்பாயில் பகிஷ்காரம்கூட நடந்தது. ஆனால் சிபாரிசு இல்லாத சின்ன ஊர்ப் பையனுக்கு ஒரு கதவு திறந்ததும் அதே முறையால்தான். ஆர்மோனியம் போன இடத்தில் சாரங்கிக்காரர்களுக்குச் சோறு கிடைத்தது. இன்று நான் காரில் கேட்கும் செம்மங்குடியின் வானொலிப் பதிவு அந்த உத்தரவுகளின் உபயம். அப்பா திருப்பிய அந்த முள் இல்லையென்றால் எனக்கு ராகம் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

மறுபக்கம் கடிதக்கட்டும் தராசு இல்லை. 65,000 பேர் எழுதினால் 65,000 பேருக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். (அதிலும் மொத்தமாகக் கடிதம் எழுதிப் போடுகிறவர்களைச் சமாளிக்க ரெக்கார்டு கடை விற்பனையையும் பார்க்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.) இன்றைக்கு யூடியூபில் பார்வை எண்ணிக்கையைக் காட்டி 'எங்காளு பாட்டுதான் மாஸ்' என்பவர்களுக்கும் கேஸ்கருக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் பாட்டைக் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்ல ஒரு வழி தேடுகிறார்கள். ஒருவருக்கு அது பிறப்புச் சான்றிதழ், இன்னொருவருக்கு வாக்குச்சீட்டு.

என் அளவுகோல் என்ன என்று கேட்டால், கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல முடியும். நூறு தடவை கேட்ட பிறகும் நூற்றியோராவது தடவை ஏதாவது புதிதாகக் காதில் விழ வேண்டும். கல்லூரியில் தேயத் தேயக் கேட்ட ராஜா பாட்டுகளில் அடியில் ஓடும் பேஸ் கிட்டார், மேலே பாடுவதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போவது எனக்கு நாற்பது வயதில்தான் கேட்டது. அது முன்பே அங்கேதான் இருந்தது. (அவர் மெட்டுப் போடுவதும் அந்த விலக்கப்பட்ட ஆர்மோனியப் பெட்டியில்தான்.) அப்படி எதுவும் மிச்சம் வைக்காத பாட்டு எனக்குப் பிடித்திருந்தாலும் அதை நல்ல பாட்டு என்று மேஜையில் அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்த குப்பைப் பாட்டுகள் ஒரு ஐம்பது தேறும், அவற்றை நிம்மதியாகக் கேட்கிறேன். அதே மாதிரி பெரிய பெரிய வித்வான்களின் கச்சேரியில் ஒன்றுமே நடக்காமல் இரண்டு மணி நேரம் போனதும் உண்டு. ராகம் சுத்தம், ஸ்ருதி சுத்தம், நானும் கைதட்டிவிட்டு வந்தேன்.

அரசாங்கம் 1957 அக்டோபரில் இறங்கி வந்தது. ஜனங்கள் திருகைத் திருப்பியது திருப்பியதுதான், இலங்கைக்குப் போன விளம்பரப் பணமும் திரும்பவில்லை. விவித பாரதி ஆரம்பமாகி சினிமாப் பாட்டு வானொலிக்குத் திரும்பியது. மந்திரி அப்போதும் கேஸ்கர்தான். விளம்பரம் வர மட்டும் 1967 வரை பத்து வருடம் ஆனது. கேஸ்கர் 1962 தேர்தலில் தோற்றார். அடுத்த வருடம் ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் நின்று ராம் மனோகர் லோஹியாவிடம் மறுபடி தோற்றார். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததாக நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் உடன்பாடு அவ்வளவு தெளிவாக எழுதிக் கையெழுத்தாகவில்லை. ஒரு பாட்டுக்கு மட்டும் முள் நகராது. 1962ல் வந்த 'கொஞ்சும் சலங்கை', ஜானகி பாடும் 'சிங்கார வேலனே தேவா'. கூட நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம், எங்கள் கோவில்பட்டியில் வாழ்ந்தவர். ராகம் ஆபேரி. இலங்கை வானொலியில் அது வந்தால் அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வருவார். தகரடப்பா என்ற சொல் வாயில் வராது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு என்பார். நாதஸ்வரமும் குரலும் ஸ்வரத்தில் துரத்திக்கொள்ளும் இடம் முடிகிறவரை அம்மா தாளிக்க மாட்டார்.